புரவியின் குளிர்காலத் தினவு: ஒரு பெயரும் பல நோயும்

முன்னுரை

நோயின் வரலாறு மருந்தின் வரலாறு மட்டுமன்று. அந்நோய்க்கு மக்கள் இட்டு வழங்கிய பெயரின் வரலாறும் அதனுள் அடங்கும். பெயர் பொதுவாக இருக்குங்கால் மருந்தும் பொதுவாகவே இருக்கும். ஒரு பெயரின்கீழ் அடங்கிக் கிடந்த பல நோய்கள் தனித்தனியே பிரித்தறியப்படுங்கால் மருந்தும் அவ்வவற்றிற்கு ஏற்பப் பிரிதல் வேண்டும். பிரிவு அறியப்பட்ட பின்னும் ஒரு நோய்க்குரிய மருந்தை எல்லாவற்றிற்கும் இடுவார் உளராயின் பெருங்கேடு விளையும். இதற்குச் சான்றாக, குளிர்நாடுகளில் புரவிகட்குப் பனிக்காலத்தில் உண்டாகும் தோல்வறட்சி, தினவு, பொடுகு ஆகியவற்றின் வரலாற்றை ஈண்டு ஆராய்வாம்.

இது மொழித்துறை ஆய்வுக்குப் புறம்பான பொருள் எனச் சிலர் கருதலாம். பழைய மருத்துவ நூல்களைப் பதிப்பிப்போரும், அவற்றின் சொற்களுக்கு அகராதிப் பொருள் காண்போரும், பிறமொழி நூல்களைத் தமிழிற் பெயர்ப்போரும் நாள்தோறும் எதிர்ப்படும் சிக்கல் இதுவே ஆதலின், அக்கருத்துப் பொருந்தாது. பழைய நோய்ப்பெயர் ஒன்றைக் கண்டவுடன் அதற்கு நேராக இக்காலப் பெயர் ஒன்றை எழுதிவிடுதல் எளிது. அவ்வெளிமை எத்தகைய பிழைக்கு இடந்தரும் என்பதை இவ்வரலாறு தெளிவுறுத்தும்.

குளிர்காலமும் புரவியின் தோலும்

முதற்கண் புரவியின் தோலியல்பை அறிதல் வேண்டும். குளிர்நாட்டுப் புரவிக்கு ஆண்டில் இருமுறை மயிர் மாறும். இளவேனிலில் நீண்ட மயிர் உதிர்ந்து குறுமயிர் தோன்றும்; கோடையின் இறுதியில் குறுமயிர் உதிர்ந்து நீண்டடர்ந்த மயிர் வளரத் தொடங்கும். இம்மாற்றத்தைப் பெரிதும் ஆள்வது பகற்பொழுதின் அளவாகும். குளிர் அதற்குத் துணைக்காரணமே. ஆதலின் பனி வருமுன்னரே புரவியின் உடல் பனிக்குரிய ஆயத்தம் செய்துகொள்கின்றது.

இந்நீண்ட மயிர் வெறும் போர்வை போல்வதன்று. மயிர்க்கால் ஒவ்வொன்றையும் பற்றி ஒரு சிறு தசை உண்டு. குளிர்காற்றுப் படுங்கால் அத்தசை சுருங்க மயிர் நிமிர்கின்றது. நிமிர்ந்த மயிர்களுக்கிடையே காற்றுச் சிறைப்படுகின்றது. சிறைப்பட்ட காற்று உடல்வெப்பம் வெளியேறாது தடுக்கின்றது. தோலிலுள்ள நெய்ச்சுரப்பிகளினின்று வரும் நெய், மயிரின்மேற் படிந்து மழைநீரை வழியச் செய்கின்றது. குளிருக்குப் பழகி நீண்ட மயிர் பெற்ற வளர்ந்த புரவி, காற்றும் ஈரமும் தாக்காவிடத்து, உறைநிலைக்குக் கீழ் ஏறத்தாழ 15 பாகை செல்சியசு வரையிலும் தன் உடல்வெப்பத்தைக் காக்கத் தனியே உணவைச் செலவிட வேண்டுவதில்லை எனக் கால்நடை அறிஞர் கணித்துள்ளனர். குறுமயிர்ப் புரவிக்கோ அவ்வெல்லை உறைநிலைக்கு மேல் 5 பாகை அளவிலேயே வந்துவிடும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட 20 பாகை வேறுபாட்டைப் படிப்போர் நினைவிற் கொள்க. பின்னர் நிகழ்ந்த பெருந்துயர் ஒன்றை விளக்க அது துணையாகும்.

இனிப் பொடுகைக் காண்போம். தோலின் மேற்படை இடையறாது தேய்ந்து சிறு செதிள்களாக உதிர்வது இயல்பு. கோடையில் அச்செதிள்கள் வியர்வையோடும் மழையோடும், புரவி மண்ணிற் புரளுங்கால் புழுதியோடும் நீங்கிவிடும். குளிர்காலத்தில் அவை நெய்யோடு கலந்து நீண்ட மயிரின் அடியிலேயே தங்கும். குதிரை தேய்க்கும் பற்கருவியாகிய குரப்பத்தால் வாதுவன் தேய்க்குங்கால் வெண்டூளாக எழுவது இதுவே. பசும்புல்லில் உள்ள நலந்தரும் கொழுப்புச்சத்தின் பெரும்பகுதி, புல்லை அறுத்து உலர்த்துங்கால் குறைந்துவிடும். ஆகவே உலர்புல்லையே நம்பியிருக்கும் மாதங்களில் தோல் வறண்டு தினவு மிகுதலும் உண்டு. வேலைசெய்து வியர்த்த புரவியைத் துடையாது விடின், வியர்வையின் உப்பு மயிரடியில் உலர்ந்து தினவை மேலும் வளர்க்கும்.

தினவும் செதிளும் பிற காரணங்களாலும் வரும். பேன் அவற்றுள் ஒன்று; குளிர்காலத்து நீண்ட மயிர் பேனுக்கு நல்ல உறைவிடம். கண்ணுக்கு எளிதிற் புலப்படாத சிற்றுண்ணிகள் மற்றொன்று. பூஞ்சணத்தால் வரும் படர்தாமரையும், ஈரம் நீங்காத தோலிற் பெருகும் நுண்ணுயிரால் வரும் புண்ணும் ஏனையவை. இவை யாவும் புறத்தே ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். மயிர் உதிரும், செதிள் எழும், புரவி தூணில் உராயும். காண்போன் காண்பது உராய்தல் ஒன்றையே. பெயர்ச்சிக்கல் இங்கிருந்தே தோன்றுகின்றது.

கிரேக்கரும் உரோமரும்

கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஏதென்சு நகரத்துச் செனபோன், குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் இயற்றினார். அதன்கண் புரவியைத் தேய்த்துத் தூய்மை செய்யும் முறை தனியே கூறப்படுகின்றது. முதுகின்மேல் கருவி எதனையும் இடாது, மயிர் படிந்துள்ள போக்கிலேயே கையால் தடவுதல் வேண்டும் என்பது அவர் கருத்து. தலை எலும்பு மிக்கதாதலின் இரும்பாலும் மரத்தாலும் ஆன கருவிகள் ஆகா. நீரால் கழுவுக என்பர். கால்களை நாள்தோறும் கழுவுதல் குளம்புக்குக் கேடு என்றும், வயிற்றின் அடிப்புறத்தை மிகையாகத் துலக்குதல் வேண்டா என்றும் விலக்குவர். எங்கெங்குத் தூய்மை செய்தல் வேண்டும் என்பதோடு, எங்கெங்கு அது மிகையாகும் என்பதையும் அவர் வரையறுத்துக் கூறியிருத்தல் கருதத்தக்கது.

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கொலுமெல்லா, உழவு பற்றிய தம் பெருநூலின் ஆறாம் பகுதியிற் புரவியைப் பேசுகின்றார். மக்களின் உடலைப்போலவே விலங்கின் உடலையும் நாள்தோறும் தேய்த்தல் வேண்டும் என்றும், தீனியை வாரி வழங்குவதினும் முதுகைக் கையால் அழுத்தித் தேய்ப்பது பலகால் மிகுந்த பயன் தரும் என்றும் அவர் கருதினார். தேய்த்தல் என்பது அழுக்கு நீக்கும் தொழில் மட்டுமன்று, குருதியோட்டத்தையும் தோல்நெய்யையும் தூண்டும் தொழிலாகும் என இன்று நாம் அறிவதை, அவர் பட்டறிவால் அறிந்திருந்தார் எனலாம்.

அவரே சொறிநோய் பற்றிக் கூறுமிடத்து, விரைந்து உதவாவிடின் அது புரவிக்கு உயிர்க்கேடு தரும் என எச்சரிக்கின்றார். நோய் தொடக்கநிலையில் இருப்பின், கடும் வெயிலில் நிறுத்தித் தேவதாரு இனத்து மரப்பிசினையோ வேறு எண்ணெய்களையோ பூசுமாறு விதிக்கின்றார். வெயில் இங்கே மருந்தின் ஒரு பகுதியாகவே அமைந்துள்ளது. நடுநிலக் கடற்கரை நாட்டிற்குப் பொருந்திய இம்முறை, கதிரவன் முகங்காட்டாத வடநாட்டுப் பனிக்காலத்திற்குப் பொருந்துமா என்பது வேறு வினா. மருந்து ஒரு நாட்டினின்று மற்றொரு நாட்டிற்குச் செல்லுங்கால், அதன் பெயரும் பொருளும் செல்கின்றன. அதற்குத் துணைநின்ற தட்பவெப்பநிலை உடன் செல்வதில்லை.

பெயரும் காரணமும்

மேற்கூறியோர் வழங்கிய நோய்ப்பெயர்களை இனி நோக்குவோம். கிரேக்கர் இந்நோயைச் 'சோரா' என்றனர். அது தேய்த்தல் என்னும் பொருளுடைய வினையடியாகப் பிறந்தது. இலத்தீன் மொழியினர் 'சுகேபீசு' என்றனர். அது சொறிதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. செருமானியரின் 'கிரெட்சே' என்னும் சொல்லும் சொறிதற் பொருளதே. ஆங்கிலத்தில் விலங்கின் சொறியைக் குறிக்கும் 'மேஞ்சு' என்னும் சொல், உண்ணுதல் என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சு வினையோடு தொடர்புடையது. நம் மொழியிலும் 'சொறி' என்பது வினையாகவும் நோயின் பெயராகவும் நிற்கின்றது. ஒன்றோடொன்று இனத்தொடர்பில்லாத மொழிகளும் இதில் ஒத்து நடத்தல் வியப்பிற்குரியது.

இப்பெயர்களை இலக்கணத்தார் காரணப்பெயர் என்பர். ஆயின் இலக்கணத்தார் காணும் காரணம் வேறு. மருத்துவர் தேடும் காரணம் வேறு. சொறிவதனாற் சொறி எனப் பெயர் வந்தது. எதனாற் சொறிகின்றது என்பதை அப்பெயர் உணர்த்தாது. நோயுற்ற உயிரின் செயலே நோய்க்குப் பெயராயிற்று. பெயர் இட்டுவிட்டமையால் பொருளை அறிந்துவிட்டோம் என்னும் மனநிறைவும் உடன் தோன்றிற்று. வறட்சி, பேன், சிற்றுண்ணி, பூஞ்சணம் ஆகிய அனைத்தும் ஒரே பெயரின்கீழ் நெடுங்காலம் அடங்கிக் கிடந்ததற்கு இதுவே காரணமாகும்.

இடைக்கால ஐரோப்பாவில் புரவி மருத்துவம் பெரும்பாலும் இலாடம் அடிப்போர் கையிலும் அரண்மனைக் குதிரைக் காவலர் கையிலும் இருந்தது. படைத்தலைமையைக் குறிக்கும் 'மார்ஷல்' என்னும் சொல்லே, பழைய செருமானிய மொழியிற் குதிரை ஏவலனைக் குறித்த சொல்லாகும். பேரரசர் இரண்டாம் பிரடெரிக்கின் அவையிற் குதிரைக் காவற்றலைவராய் இருந்த ஜோர்டானசு ரூபசு, 13-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இயற்றிய பரிமருத்துவ நூல் பல மொழிகளிற் பரவிற்று. அக்கால மருத்துவம், தோலில் வெடித்து எழுவன எல்லாம் உள்ளே கெட்ட குருதியின் வெளிப்பாடு எனக் கருதியது. ஆகவே குருதி வடித்தலும் பேதி கொடுத்தலும் பொதுமருந்தாயின. கந்தகத்தைக் கொழுப்பிற் குழைத்துப் பூசும் வழக்கமும் இருந்தது. கந்தகம் சிற்றுண்ணியைக் கொல்லும். ஆதலின் உண்ணியால் வந்த சொறி அதனால் நீங்கிற்று. வறட்சியால் வந்த தினவோ, கந்தகத்தால் மேலும் வறட்சியுற்று மிகுந்தது. ஒரே மருந்து ஒருகாற் பயன்தந்தும் ஒருகாற் பயனின்றியும் போதற்குக் காரணம் மருந்தில் இல்லை. நோய் இருவேறாதலில் உளது. பெயர் ஒன்றாயிருந்தமையால் அது புலப்படவில்லை.

நுண்ணோக்கி காட்டிய பிரிவு

இந்நிலையை மாற்றியது நுண்ணோக்கியாகும். 1687-இல் இத்தாலிய மருத்துவர் பொனோமோ, மருந்தாளர் செசுதோனியோடு கூடி மக்களின் சொறிநோயை ஆராய்ந்து, தோலினின்று சிற்றுண்ணியை ஊசிமுனையால் எடுத்து நுண்ணோக்கியிற் கண்டு, இயற்கைநூற் புலவர் ரெடிக்குக் கடிதவடிவில் எழுதினார். நோய்க்குக் காரணம் கெட்ட குருதியன்று, இவ்வுயிரியே என்பதும், ஆடை முதலியவற்றின் வழி அது ஒருவரினின்று மற்றவர்க்குச் செல்லும் என்பதும் அவர்தம் முடிபுகள். மருத்துவ உலகம் இதனை உடனே ஏற்கவில்லை. ஏறத்தாழ 150 ஆண்டுகள் கழிந்தபின், 1834-இல், கார்சிகாத் தீவினரான ரெனூச்சி என்னும் மாணவர் பாரிசு மருத்துவமனையிற் பலர் காண அவ்வுண்ணியை எடுத்துக் காட்டினார். அதனை ஊசியால் எடுக்கும் முறையை அவர் தம் நாட்டுச் சிற்றூர்ப் பெண்டிரிடம் கற்றிருந்தார். நூலோர் ஐயுற்ற உண்மையை எழுத்தறியா மகளிர் கைத்திறமாகப் போற்றி வந்தனர் என்பது ஈண்டு அறிதற்குரியது.

விலங்குகளின் சொறியுண்ணிகளை முறையாக ஆராய்ந்தவருள் முதன்மையானவர் செருமனியின் இசுடட்கார்ட்டு நகரத்து எட்வர்டு ஹெரிங் ஆவார். அவர்தம் ஆய்வு 1838-இல் வெளிவந்தது. அவர்க்குப் பின் தொடர்ந்த ஆய்வுகளால், புரவியின் சொறி மூவகை உண்ணிகளால் வருவது தெளிவாயிற்று. ஒருவகை தோலைத் துளைத்துச் சுரங்கம் அமைத்து வாழ்வது; தலை, கழுத்து, தோள் ஆகியவற்றிற் பெரும்பாலும் தொடங்கி உடலெங்கும் பரவும்; தினவு மிகக் கடுமையாயிருக்கும். மற்றொரு வகை தோலைத் துளையாது அதன்மேல் வாழ்வது. பிடரிமயிரின் அடியிலும் வாலின் அடியிலும் மிகுதியும் காணப்படும். மூன்றாவது வகை கால்களில், அதிலும் நீண்ட கால்மயிருடைய பாரவண்டிக் குதிரைகளில், குளிர்காலத்திற் பெருகுவது. புரவி தரையைக் காலால் உதைப்பதும் ஒரு காலை மற்றொரு காலால் தேய்ப்பதும் அதன் குறிகள்.

இப்பிரிவு கல்வியாளர் அளவில் நின்றுவிடவில்லை. பிரிட்டனில் 1911-இல் பிறந்த ஆணையொன்று புரவிச்சொறியை அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோயாக்கிற்று. அவ்வாணை முதலிரு வகைகளையே கொண்டது. கால்சொறியை அதனுட் சேர்க்கவில்லை. சட்டம் எழுதுவோரும் நோயை வகைப்படுத்தியே எழுத வேண்டிய காலம் வந்துற்றது.

கொட்டிலில் நின்று கண்டவர்

நுண்ணோக்கியின் வழி அறிவு இவ்வாறு வளர, கொட்டிலில் நின்று கண்டவர் வழியாகவும் ஓர் உண்மை வெளிப்பட்டது. ஆங்கிலக் கால்நடை மருத்துவர் வில்லியம் யூவாட் 1831-இல் குதிரை பற்றி வெளியிட்ட நூலில், புறத்தே மேய்ச்சலில் விடப்பட்ட புரவிக்குத் தேய்ப்பு வேண்டுவதில்லை என்றும், அதன் மயிரடியில் திரளும் பொடுகு காற்றினின்றும் குளிரினின்றும் காக்க இயற்கை அமைத்த காப்பாகும் என்றும் எழுதினார். கொட்டிலிற் கட்டி உணவூட்டி வேலை வாங்கும் புரவிக்கோ நாள்தோறும் தேய்ப்பு இன்றியமையாதது என்பதும் அவர் கருத்தே. ஒரே பொடுகு, ஒரு புரவிக்கு அழுக்கும் மற்றொரு புரவிக்குக் காப்பும் ஆகின்றது. வாழிடமும் வேலையும் அறியாது பொடுகை மட்டும் நோக்கி மருந்து கூறல் இயலாது என்பது இதனாற் பெறப்படும்.

அந்நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இங்கிலாந்தில் குளிர்காலத்தில் மயிர் கத்தரிக்கும் வழக்கம் பரவிற்று. வேட்டைக்கும் வண்டிக்கும் விரைந்தோடும் புரவி நீண்ட மயிரோடு ஓடினால் மிக வியர்க்கும். நனைந்த மயிர் உலரப் பல நாழிகை ஆகும். அதற்குள் குளிர் தாக்கும். மயிரைக் கத்தரித்துவிடின் வியர்வை விரைவில் உலரும். அழுக்கும் பேனும் சொறியும் எளிதிற் கண்ணிற்படும். பூசும் மருந்தும் தோலைச் சேரும். இவை உண்மையான நலங்களே. ஆயின் அவ்வாறு கத்தரிக்கப்பட்ட புரவி, வேலை முடிந்ததும் கூரையுள்ள கொட்டிலுக்குத் திரும்பும்; கம்பளி போர்த்தப்படும்; நிறைய உணவு பெறும். கூரையும் கம்பளியும் உணவும் அவ்வழக்கத்தின் பிரிக்கவொண்ணாத உறுப்புகள். இதனை மறந்தமையால் விளைந்ததை அடுத்துக் காண்போம்.

1916–17 குளிர்காலம்

1914 ஆகஸ்டில் உலகப்போர் மூண்டபோது ஏறத்தாழ 25,000 புரவிகளை உடையதாயிருந்த பிரிட்டிஷ் படை, 12 நாட்களுக்குள் அத்தொகையை 1,65,000 ஆக உயர்த்திற்று. பின்னர் வட அமெரிக்காவினின்றும் புரவிகளும் கோவேறு கழுதைகளும் கப்பல் கப்பலாக வந்திறங்கின. 1917-இல் அப்படையிடம் இருந்த விலங்குகளின் தொகை எட்டு இலட்சத்தைக் கடந்தது. பல நாட்டுப் புரவிகள் ஒரே இடத்தில் நெருக்கமாகக் கட்டப்பட்டமையால் சொறியுண்ணி காட்டுத்தீப்போற் பரவிற்று. போர்முனையிற் குண்டுபட்டவற்றினும், சொறியால் பணிக்கு உதவாது மருத்துவமனை சேர்ந்தவை படைத்தலைவர்க்குப் பெருங்கவலை தந்தன.

படைக் கால்நடை மருத்துவர் இதனை எதிர்க்கப் பல வழிகளைக் கையாண்டனர். கந்தகமும் சுண்ணாம்பும் சேர்ந்து விளையும் கரைசலை இளஞ்சூடாக நிரப்பிய நீண்ட தொட்டிகள் கட்டப்பட்டன. புரவிகள் ஒருபுறம் இறங்கி மறுபுறம் கரையேறின. பிரெஞ்சுப் படையினரும் செருமானியரும், புரவியின் தலை மட்டும் வெளியே இருக்க உடலை அடைப்பிற்குள் நிறுத்திக் கந்தகப் புகையூட்டும் முறையையும் பின்பற்றினர். இவை நோயறிந்து செய்த மருத்துவங்களே. இவற்றோடு, சொறியைத் தொடக்கத்திலேயே காணவும் தடுக்கவும், படைப்புரவிகளின் உடல்மயிர் முழுதும் கத்தரிக்கப்பட்டது. கேடு இதனால் வந்தது.

1916–17-ஆம் ஆண்டுக் குளிர்காலம் மேலை ஐரோப்பாவிற் கடுமை மிக்கது. போர்முனைப் புரவிகளுக்குக் கொட்டில் இல்லை. திறந்தவெளியில் முழங்காலளவு சேற்றில், கயிற்றுவரிசையிற் கட்டப்பட்டு நின்றன. தீனியின் அளவும் குறைக்கப்பட்டது. மயிர் இழந்த உடல், குறைந்த உணவைக்கொண்டே வெப்பத்தையும் காத்துப் பாரத்தையும் இழுக்க வேண்டியதாயிற்று. முன்னர்க் கூறிய 20 பாகை வேறுபாட்டை ஈண்டு நினைக. 1917 ஏப்ரல் 9-இல் அராசு நகர்ப்புறத்துத் தாக்குதல் தொடங்கியபோதும் பனி பொழிந்துகொண்டிருந்தது. பீரங்கிகளையும் குண்டுவண்டிகளையும் இழுத்த புரவிகள் குளிராலும் களைப்பாலும் வீழ்ந்து மாண்டன. சொறியினின்று காக்கச் செய்த செயல், சொறி இல்லாத புரவிகளையும் கொன்றது.

இதனாற் படைத்துறை பாடம் கற்றது. பின்னர் உடல்மயிரை முழுதும் களைதல் கைவிடப்பட்டுக் கால்களிலும் வயிற்றிலும் மட்டும் கத்தரிக்கும் முறை வந்தது. சேறு படிந்து புண்ணாகும் இடங்கள் அவையே. முதுகும் விலாவும் தம் இயற்கைப் போர்வையோடு விடப்பட்டன. படைக் கால்நடை மருத்துவர்தம் திறமையைக் குறைத்து மதிப்பிடுதல் கூடாது. பிரான்சிலிருந்த அவர்தம் மருத்துவமனைகளில் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட விலங்குகள் மருத்துவம் பெற்றன. அவற்றுள் நான்கில் மூன்று பங்கு அளவின நலமுற்றன. ஆயினும் அப்போரிற் பிரிட்டிஷ் படை இழந்த விலங்குகள் 4,84,000 எனக் கணக்கிடப்பட்டுள்ளன. அவற்றுட் பெரும்பகுதி குண்டுபட்டு இறந்தனவல்ல; நோயாலும் குளிராலும் களைப்பாலும் இறந்தனவே. பொடுகு இயற்கையின் காப்பு எனக் கொட்டில் மருத்துவர் ஒருவர் எழுதி 85 ஆண்டுகள் கழிந்தபின் இது நிகழ்ந்தது. அறிவு நூலில் இருந்தது, ஆணையில் இல்லை.

இற்றைநாள் மருத்துவம்

இக்காலக் கால்நடை மருத்துவர் குளிர்காலத் தினவுடைய புரவியைக் காணுங்கால் முதலில் மருந்து கூறுவதில்லை, பிரித்தறிவதே முதற்கடன். பிடரியிலும் முதுகிலும் மயிரைப் பிளந்து பேன் தேடுவர். தோலைச் சுரண்டியெடுத்து நுண்ணோக்கியில் உண்ணி தேடுவர். வட்டமாக மயிர் உதிர்ந்திருப்பின் பூஞ்சணத்தை ஐயுறுவர். ஈரம் படிந்த முதுகில் மயிர்க்கற்றையோடு பொருக்குப் பெயர்ந்து வருமாயின், 1915-இல் காங்கோ நாட்டு மாடுகளில் முதன்முதல் விவரிக்கப்பட்ட நுண்ணுயிரை நினைப்பர். அதற்கு முதன்மையான மருந்து உடலை உலர்வாக வைத்தலே. உண்ணிச்சொறி எனத் தெளிந்தால், 1980-களின் தொடக்கத்தில் விலங்கு மருத்துவத்திற்கு வந்த ஐவர்மெக்டின் முதலிய மருந்துகள் உதவும்; ஆயினும் கால்மயிரில் மேலோடு வாழும் உண்ணிக்கு வாய்வழி மருந்து போதாமையின் மேற்பூச்சும் வேண்டும். நோயுற்றதன் குரப்பமும் தூரிகையும் போர்வையும் மற்றொன்றிற்கு ஆகா.

இவை யாவும் இல்லை எனத் தெளிந்த பின்னரே 'வறட்சி' என்னும் முடிபிற்கு வருவர். அதற்குரிய மருத்துவம் எளியது, பழையது. சோப்பு இட்டுக் கழுவுதலைக் குறைத்தல் வேண்டும். அது தோலின் நெய்யைப் போக்கும். இரப்பர்க் குரப்பத்தால் வட்டமாகத் தேய்த்துச் செதிளை எழுப்பி, மயிர்த்தூரிகையால் நீக்கி, நெய் மயிரெங்கும் பரவச் செய்தல் வேண்டும். திறந்தவெளியில் வாழும் புரவியாயின் இதனையும் அளவோடு செய்தல் வேண்டும். வேலைக்குப்பின் வியர்வையைத் துடைத்து உலர்த்தல் வேண்டும். போர்வையைத் துவைத்து வைத்தலும், கொட்டிலிற் காற்றோட்டம் காத்தலும், உறையாத நீர் வைத்தலும் உடன்செய்யத் தக்கன. ஆளிவிதையை வேகவைத்துத் தீனியோடு கலத்தல் ஐரோப்பிய வாதுவரின் நெடுநாள் வழக்கு. பச்சை விதையில் நஞ்சாதற்குரிய பொருள் உண்மையின் வேகவைத்தனர். உலர்த்தலால் புல் இழந்த கொழுப்புச்சத்தை அது ஓரளவு ஈடுசெய்யும் என இன்று அறிகின்றோம். இன்று அவ்விதையின் எண்ணெயைச் சிறிது சிறிதாகக் கூட்டித் தருவாரும் உளர். கொலுமெல்லா கூறிய கைத்தேய்ப்பும், செனபோன் வகுத்த வரையறையும், யூவாட் கண்ட காப்பும் இம்மருத்துவத்தில் ஒருங்கே அமைந்திருத்தல் காணலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படும் கருத்துகள் இரண்டு. ஒன்று, தினவு நோயன்று. பல நோய்களின் குறி. குறிக்கு இட்ட பெயரை நோய்க்குரிய பெயராகக் கொண்டமையால், ஈராயிரம் ஆண்டுகள் மருத்துவம் தடுமாறிற்று. மற்றொன்று, பிரித்தறிதல் மட்டும் போதாது. பிரிவு செயலிலும் இடம்பெறல் வேண்டும். 1916-இல் சொறியுண்ணியை அறியாதார் படையில் இலர். அறிந்திருந்தும், சொறியுள்ளதற்கும் இல்லாததற்கும், கொட்டிலில் உள்ளதற்கும் வெட்டவெளியில் நிற்பதற்கும் ஒரே ஆணை பிறந்தது.

நம் ஆய்வுத்துறைக்கு இதனால் வரும் கடமையும் ஒன்று உண்டு. தோல்நோய்களைக் குட்டம் என்னும் பொதுப்பெயரால் தொகுத்து 18 என எண்ணிய மரபு நம் நாட்டு மருத்துவத்தில் உளது. அச்சொல்லை இன்று ஒரு தனிநோய்க்கே உரியதாக நாம் வழங்குகின்றோம். இவ்விரு வழக்கின் வேறுபாட்டை உணராது பழைய நூலைப் படிப்போர், அதில் இல்லாத நோயைக் காண்பர். இருக்கும் நோயைக் காணாது விடுவர். நகுலன் பெயரால் வழங்கும் வடமொழி அசுவசாத்திரம் தஞ்சைச் சரசுவதி மகால் நூல்நிலைய வெளியீடாக 1952-இல் அச்சேறியுள்ளது. அதுபோன்ற பரிநூல்களையும், தமிழ் மருத்துவச் சுவடிகளையும் ஆராயப் புகுவோர், சொறி, சிரங்கு, தினவு, பொடுகு, செதிள் என வரும் ஒவ்வொரு சொல்லையும் அதனைச் சூழ்ந்த குறிகளோடும், பருவத்தோடும், கூறப்பட்ட மருந்தோடும் சேர்த்துத் தொகுத்தல் வேண்டும். அவ்வாறு தொகுத்த பின்னரே அதற்கு இக்காலப் பெயர் இடுதல் தகும்.